நான் மறைத்த மாத்திரை

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்துக் காலை. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தேன். அன்று ரத்தம் எடுக்க வந்த பெண்மணியிடம் நான் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் முன்பிருந்து ஆரம்பித்தால்தான் என் கூத்து முழுதாகப் புரியும்.

அப்போது எனக்கு அறுபத்து நான்கு வயது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மயிலாப்பூரில் ஒரு பூங்காவில் காலை நடைக்குப் போகும் ஆறு பேர் கொண்ட கோஷ்டியில் நானும் ஒருவன். நடப்பது அரை மணி நேரம் என்றால், அதற்குப் பிறகு பக்கத்து மெஸ்ஸில் காபியை வைத்துக்கொண்டு பேசுவது ஒரு மணி நேரம். பேச்சில் பாதி ரத்தப் பரிசோதனை பற்றித்தான். பள்ளிக்கூடத்தில் மார்க்கை ஒப்பிட்டுப் பார்த்த அதே ஆட்கள், இப்போது லேப் ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே இனிப்பை நிறுத்திவிட்டு, ஊசி குத்திய அரை மணியில் மெஸ்ஸுக்கு வந்து அசோகா அல்வா கேட்கிறவரும் எங்களில் உண்டு. இந்த வகுப்பில் நான்தான் முதல் ராங்க். சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது, கொழுப்பு கிடையாது. திமிர் மட்டும் நிறைய இருந்தது.

அந்தத் தை மாதம் செய்த பரிசோதனையில் எல்லாம் வழக்கம்போல் இருக்க, பி.எஸ்.ஏ. என்ற ஒன்று மட்டும் 5.8 என்று தடித்த எழுத்தில் வந்தது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி, ரத்தத்தில் கலக்கிற ஒரு பொருளின் அளவு அது. நாலுக்கு மேல் போனால் சிறுநீரக டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். ஏறிவிட்டாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வயதானால் வரும் வீக்கத்திலும் ஏறும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் ஏறும். எதனால் என்று கண்டுபிடிக்கத்தான் டாக்டர் இருக்கிறார். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்று தெரிந்ததெல்லாம் பயம் ஒன்றுதான். ரிப்போர்ட்டை மடித்துப் பீரோவில் பழைய பட்டுவேட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, மனைவியிடம் "எல்லாம் நார்மல்" என்றேன்.

கோஷ்டியில் ஒரே ஒரு நண்பரிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"இதுக்கா இப்படி முழிக்கறீர்? எனக்கு ஏழு இருந்தது. டாக்டர் ஒரு மாத்திரை குடுத்தார். இப்ப மூணரை. பேரைக் குறிச்சுக்கொள்ளும்."

குறித்துக்கொண்டேன். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைத்தது. அது புராஸ்டேட் வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரை. நண்பரை அவருடைய டாக்டர் முழுதாகப் பரிசோதித்துவிட்டுக் கொடுத்தது. என்னை யாரும் பரிசோதிக்கவில்லை. தினம் ஒன்று என்று ஆறு மாதம் விழுங்கினேன். சிறுநீர் கழிக்க அடிக்கடி ஓடுவது குறைந்தது. நானே டாக்டராகிவிட்டதுபோல் ஒரு மிதப்பு வந்தது. இனி பரிசோதனை செய்தால் பாஸ்தான் என்று நிச்சயமாகத் தோன்றிய பிறகு, ஒரு லேபுக்குப் போன் செய்து வீட்டுக்கே ஆள் அனுப்பச் சொன்னேன்.

இப்போது அந்த ஆடி மாதக் காலைக்கு வருகிறேன். வந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சாந்தோமிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைச் சுத்தம் செய்துகொண்டு, படிவத்தை எடுத்தார்.

"மாத்திர எதுனா சாப்புடறீங்களா சார்?"

"ஒண்ணும் இல்ல."

"சுகருக்கு, பிரஷருக்கு?"

"அதான் ஒண்ணும் இல்லேன்னு சொல்றேனே."

அவர் கண் மேஜைக்குப் போனது. அன்றைய செய்தித்தாளுக்குப் பக்கத்தில், பாதி காலியான மாத்திரை அட்டை. காபிக்குப் பிறகு போட்டுக்கொள்ள நானே எடுத்து வைத்தது.

"இது யாருது சார்?"

"அது வைட்டமின்."

அவர் அட்டையைத் திருப்பிப் படித்தார். "வைட்டமின் இல்ல சார். புராஸ்டேட்டுக்குக் குடுக்கறது. எத்தினி நாளா போட்டுக்கினு கீறீங்க?"

"ஆறு மாசமா. அதையெல்லாம் எழுத வேண்டாம்."

"எழுதாம எப்டி சார்? பி.எஸ்.ஏ.வுக்குத்தான் ரத்தம் எடுக்கறேன். இத போட்டா நம்பரு கொறச்சலா வரும்."

"குறையணும்னுதானே போடறேன்."

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நம்பரு கொறஞ்சா வியாதி கொறஞ்சிதுன்னு யாரு சார் சொன்னது? நான் ரத்தத்த மட்டும் எடுத்துக்கினு போறதில்ல. நீங்க சாப்புடறத்தயும் எழுதிக்கினு போவணும். அதான் என் வேல."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பரீட்சை ஹாலில் பிட்டோடு பிடிபட்டவன் வாத்தியாரையே முறைப்பதுபோல் முறைத்தேன். எழுதவே கூடாது என்றேன். அவர் கேட்கவில்லை. மாத்திரையின் பெயரையும் ஆறு மாதம் என்பதையும் நிதானமாக எழுதி, வலிக்காமல் ரத்தம் எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் லேபுக்குப் போன் செய்து, வீட்டுக்கு வருகிற உங்கள் ஆள் மரியாதை இல்லாமல் பேசுகிறார் என்று புகார் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன்.

மறுநாள் காலை நடையின்போதே போனில் ரிப்போர்ட் வந்துவிட்டது. 3.1. மேலே இருந்த எண்ணைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அன்று மெஸ்ஸில் ஆறு பேருக்கும் ரவா கேசரி என் உபயம். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. மாத்திரை தந்த நண்பர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வீட்டுக்கு வந்ததும், மனைவி வாசலிலேயே என் போனை வாங்கிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியை மாட்டி, கடைசி வரி வரை படித்தாள்.

"ஏன்னா, கீழே என்னமோ போட்டிருக்கே, பாத்தேளா? நீங்க ஏதோ மாத்திரை சாப்பிடறேளாம், அதனால இந்த நம்பரை அப்படியே எடுத்துக்கப்படாதாம், டாக்டரைப் பாக்கணுமாம். என்ன மாத்திரைன்னா அது?"

எல்லாவற்றையும் கொட்டினேன். பட்டுவேட்டிக்கு அடியில் இருந்த ரிப்போர்ட் உட்பட. அவள் திட்டியிருந்தால் தேவலை. புடவையை மாற்றிக்கொண்டு வந்து, "கிளம்புங்கோ" என்றாள்.

அடையாறில் அந்தச் சிறுநீரக டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்க நம்பர் மூணு புள்ளி ஒண்ணு இல்ல சார். ஆறு புள்ளி ரெண்டு. இந்த மாத்திரையை ஆறு மாசம் போட்டா பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாத் தெரியும். நாங்க அதை ரெட்டிப்பாக்கித்தான் படிப்போம். உங்களுக்குக் குறையவே இல்ல, கொஞ்சம் ஏறியிருக்கு." பிறகு அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "இது இல்லேன்னா, நானே இதைப் பார்த்துட்டு நார்மல்னு சொல்லி அனுப்பியிருப்பேன்."

 ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்கு ஆன பத்து நாளும் நான் பூங்காவுக்குப் போகவில்லை. மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தேன். மனைவி மட்டும் வேளாவேளைக்கு ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். அவளிடம் மறைத்ததற்காக ஒருநாள் அழுதேன். "அழுதது போறும், சாப்பிடுங்கோ" என்றாள்.

புற்றுநோய்தான். ஆனால் சின்னது, சுரப்பியைத் தாண்டி வெளியே வரவில்லை. இப்போதே எடுத்துவிட்டால் நிம்மதி, இன்னும் இரண்டொரு வருடம் விட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம் என்றார் டாக்டர். ஆவணியில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு மாதத்தில் பழையபடி நடக்க ஆரம்பித்தேன். நடை திரும்பிய அளவுக்கு மற்றதெல்லாம் உடனே திரும்பவில்லை. கொஞ்ச நாள், சிறுநீர் கசிந்துவிடுமோ என்று இருமவும் தும்மவும்கூட யோசிக்க வேண்டியிருந்தது. அதுவும் சரியாகிவிட்டது.

பூங்காவுக்குத் திரும்பிய அன்றே மெஸ்ஸில் உண்மையைப் போட்டு உடைத்தேன். மாத்திரை தந்த நண்பர் முகம் வெளுத்து, "ரெட்டிப்பாக்கிப் பாக்கணும்னு என் டாக்டருக்குத் தெரியும்போல, எனக்கே தெரியாதேய்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அல்வாக்காரர் அன்று முதல் இனிப்பை நிறுத்தாமலே பரிசோதனைக்குப் போகிறார். அவருக்கு வந்த சர்க்கரை அளவைப் பார்த்து டாக்டரே எழுந்து நின்றுவிட்டாராம். இப்போதுதான் ஒழுங்காக வைத்தியம் நடக்கிறது.

லேபுக்கு ஒரு கடிதம் எழுதினேன். புகார் பொய், அவர் செய்ததுதான் சரி என்று விளக்கமாகவே எழுதினேன். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டி வந்தபோது, அவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே சிரித்தார்.

"கம்ப்ளெய்ண்ட் குடுத்தவரே கேட்டுக் கூப்புடறாருன்னு ஆபீஸ்ல ஒரே சிரிப்பு சார்."

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. என்னை மன்னிச்சுடுங்கோ" என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஊசியை வைத்துவிட்டு முழுதும் கேட்டார். கண் லேசாகக் கலங்கியதைப் பார்த்தேன். உடனே சமாளித்துக்கொண்டார்.

"மாசத்துக்கு ரெண்டு பேரு திட்றாங்க சார். அதுக்கோசரம் எழுதாம வுட முடியுமா? கைய நீட்டுங்க, அடுத்து ஆழ்வார்பேட்ட போவணும்."

மனைவி கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். அந்த முறை பி.எஸ்.ஏ. கிட்டத்தட்ட பூஜ்யம். சுரப்பியே இல்லாதவனுக்கு அது பெரிய சாதனையில்லை என்று மனைவி சொன்னாள்.

என் வீட்டில், என் முகத்துக்கு எதிரிலேயே, நான் வேண்டாம் என்றதை எனக்காக எழுதிவிட்டுப் போனார் ஒருவர். அதற்குப் பிறகு நான் உயிரோடு கண் விழிக்கிற ஒவ்வொரு காலையும், அன்று அவர் என்னைப் பார்த்துப் பயப்படாததால் கிடைத்ததுதான்.