மெட்டியும் ஸ்டீல் வாட்சும்

முதலாளியின் கையில் கிடந்த அந்த சுவிஸ் வாட்சை இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் நான். சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி வேண்டாம்; கை அசைந்தால் போதும், தானே ஓடும். விநாடி முள் துள்ளாது, வழுக்கிக்கொண்டு போகும். அவர் அப்பா காலத்து ஸ்டீல் வாட்ச். அவர் பேசும்போது நான் முகத்தைப் பார்த்ததே இல்லை, மணிக்கட்டைத்தான் பார்ப்பேன்.

நாரணாபுரம் பக்கம் அவருடைய பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். வாசலில் சோதனை போடுவதும் என் வேலை. மருந்து கலக்கும் அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. உரசி ஒரு பொறி வந்தால் அவ்வளவுதான். போன், சாவி, கொலுசு எல்லாம் வாசல் டப்பாவில் விழ வேண்டும். முதலாளி மட்டும் வாட்சோடு உள்ளே வருவார். ஒரு நாளும் நான் வாயைத் திறந்ததில்லை.

போன வருஷம் விஸ்வநத்தத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம். மெட்டியைக் கழற்றச் சொன்னேன். புருஷன் உயிரோடு இருக்கும்போது எப்படிக் கழற்றுவது என்று நின்றாள். மற்றவர்கள் கழற்றவில்லையா, நீ என்ன மகாராணியா என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அழுதுகொண்டே கழற்றிப் போட்டாள். சொன்னது சரிதான். சொன்ன விதம் நாய்க்குக்கூட ஆகாது.

அந்தத் தீபாவளிக்கு முதலாளி புது வாட்ச் வாங்கினார். பழையதை என் கையில் கட்டிவிட்டார். 'மாப்பிள்ளை கணக்கா இருக்கீக' என்று என் பெண்டாட்டி சிரித்தாள். ஆனால் பாழாய்ப்போன வாட்ச் ஓடவில்லை. பகலெல்லாம் டப்பாவில் கிடந்தால் நின்றுபோகும். விருதுநகரில் ஒரு கடையில் காட்டினேன். பழைய மிஷின், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கட்டினால் பத்தாது, பகல் முழுக்கக் கையிலேயே கிடக்க வேண்டும் என்றார் கடைக்காரர். எந்த வாசலிலும் கழற்ற வேண்டாதவன் கைக்குச் செய்த வாட்ச் என்பது அப்போதுதான் புரிந்தது.

புரிந்தும் ஆசை விடவில்லை. முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டுக் கட்டியபடியே மருந்து அறைக்குள் போனேன். ஒரு வாரம் போனேன். வாட்ச் ஓடியது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எட்டாம் நாள் சல்லடையை எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினேன். சட்டை மேலேறியது. அந்த விஸ்வநத்தத்துப் பெண் பார்த்துவிட்டாள்.

"என் மெட்டி வெள்ளிண்ணே," என்றாள் மெதுவாக. "உங்க கையில கெடக்கது இரும்புல்லா?"

மறுநாள் காலை மெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். வாட்சை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். இருந்தும் கழற்று என்று சொல்ல நாக்கு எழவில்லை. விலகி வழிவிட்டேன். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் தெரிந்தே அனுப்பினேன். ரப்பர் விரிப்பைத் தாண்டி அவள் கால் தரையில் படும்போதெல்லாம் பொறி வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். சாயங்காலம் வரை அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் ஆகவில்லை. வேலை முடிந்து எல்லாரும் வேனில் ஏறும்போது அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மணி என்னண்ணே ஆச்சு?"

வேனில் இருந்த அத்தனை பேரும் என் வெறுங்கையைப் பார்த்தார்கள்.