செனாயிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்

பினாங்கில் அக்கா இறந்துபோன செய்தி விடிவதற்குள் வந்தது. நான் அழுது முடிப்பதற்குள் அக்கா மகன் எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டான்.

"மாமா, போன்ல பார்த்துட்டேன். செனாய்லேருந்து பினாங்கு ஐந்நூத்தம்பது கிலோமீட்டர்தான். ஒன்னேகால் மணி நேரம் லா. காலை பிளைட்டுக்கு டிக்கெட் போட்டுட்டேன். மத்தியானம் மின்சுடலைக்குச் சொல்லியாச்சு. நீங்க கோடியோட வந்ததும் எடுத்துடலாம்."

நான் இருக்கும் மாசாயிலிருந்து காரில் போனால் எட்டு மணி நேரமாவது ஆகும். ஒன்றேகால் என்றதும் நானும் சரியென்று தலையாட்டினேன்.

கட்டிக் கொடுத்த பெண் செத்தால் கடைசியாகப் போர்த்தும் கோடிச் சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். தீபாவளிக்கு அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று தங்காக் ஊர்த் துணிக்கடையில் வாங்கி வைத்திருந்த பச்சைச் சேலையை என் மனைவி எடுத்துத் தந்தாள். அதை மார்போடு அணைத்தபடி செனாய் விமான நிலையத்தில் போய் உட்கார்ந்தேன்.

பினாங்கிலிருந்து வந்து என்னை ஏற்றிப்போக வேண்டிய விமானம் வரவில்லை. அங்கே இடியும் மழையுமாம். புறப்படும் நேரத்தைப் பலகையில் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

முகப்பில் இருந்த பெண், "சாபார் யா, அங்கிள்" என்றாள். பொறுமையாக இருக்க வேண்டுமாம். கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் யார்மேல் காட்டுவது? அந்தப் பெண்ணா மழையைப் பெய்ய வைத்தாள்? என் கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். ஒன்றேகால் மணி நேரம் என்றே அது இன்னமும் சாதித்தது. செய்தி வந்ததுமே காரை எடுத்திருந்தால் இந்நேரம் பினாங்குப் பாலத்தில் ஏறியிருப்பேன்.

மருமகன் மறுபடியும் அழைத்தான். இந்த முறை குரல் உடைந்திருந்தது.

"மாமா, நேரத்த மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நமக்கு அடுத்து வேற ஆளுங்க இருக்காங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு புதுச் சேலை கொடுத்திருக்காங்க. உங்க பேரச் சொல்லிப் போத்திடவா?"

"அக்கா முகத்தக் காட்டுப்பா" என்று மட்டும் கேட்டேன்.

கைப்பேசித் திரையில் அக்கா மஞ்சள் பூசிய முகத்தோடு படுத்திருந்தாள். யாருடைய கையோ சிவப்புச் சேலை ஒன்றை அவள்மேல் விரித்துக்கொண்டிருந்தது. நான் என் பையைத் திறந்து பச்சைச் சேலையை உதறி, திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

"அக்கா, இதுதான் நம்ம வீட்டுச் சேலை. பாருக்கா."

சுற்றியிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு படம் ஆடியது. அக்காவைத் தூக்கிவிட்டார்கள்.

சாயங்காலம்தான் விமானம் கிளம்பியது. சொன்ன சொல் தவறாமல் ஒன்றேகால் மணி நேரத்தில் பினாங்கில் இறக்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவி, பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாவுக்கென்று எடுத்து வந்த கோடியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல், ஈரம் காயாத வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.