சம்பந்திகள் பழுதுபார்த்த வீடு

அவளை எல்லோரும் ஆகட்டுமக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் கடை வைத்திருந்த காலத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர். யார் எந்தத் துணியோடு வந்து என்றைக்கு வேண்டுமென்று கேட்டாலும், "ஆகட்டும், தந்துடறேன்" என்பாள். கடை இருந்த கட்டடம் கைமாறியபோது வாங்கியவர், விற்றவர், காலி செய்தவள் மூவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, வீட்டுத் தரகர் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றார். அன்றே தையல் மெஷினை மூடிவிட்டுத் தரகில் இறங்கினாள். தொழில் மாறியது; வாய் மாறவில்லை.

டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்ந்த ஒருவர் தன் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். வாங்க வந்தவர் அவருடைய மகளின் மாமனார், மருந்துக்கடைக்காரர். சம்பந்திகள் நேருக்கு நேர் பேரம் பேசினால் நன்றாகவா இருக்கும்? அதனால் நடுவில் அக்கா.

வீட்டைச் சோதித்த இன்ஜினியர் இரண்டே குறை சொன்னார். படுக்கையறைக் கதவு தரையில் உரசுகிறது. அதை ஒட்டிய குளியலறையில் தரை வாட்டம் சரியில்லை. தண்ணீர் மூலையில் தேங்குகிறது.

வழக்கமாக வாங்குபவர் "சரிபண்ணிக் குடு" என்பார், விற்பவர் "இப்படியே எடுத்துக்கோ" என்பார், இருவரையும் பாதி வழிக்கு இழுத்து வருவது அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கே எல்லாம் தலைகீழ்.

"நான் ரிப்பேர் கேக்கறதா? பொண்ணு குடுத்த மனுஷர்ம்மா அவரு. கதவு உரசினா உரசட்டும், தூக்கிப் பிடிச்சுச் சாத்திக்கறேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

இதைக் கேட்ட டிரைவிங் ஸ்கூல்காரருக்கு முகம் சிவந்தது. "ஒரு கதவை இழைக்கக்கூட எனக்கு வக்கில்லைன்னு நெனைக்கறாரா? சரிபண்ணாம சாவியக் குடுக்க மாட்டேன், போய்ச் சொல்லு."

சொன்னாள். "சரிபண்ணினா நான் வாங்கவே மாட்டேன்" என்று பதில் வந்தது.

ஸ்கூட்டரில் அலைந்து அலைந்து அக்காவின் இடுப்பு விட்டுப்போனது. கடைசியில் டிரைவிங் ஸ்கூல்காரர் அவளைத் தனியே அழைத்தார். "சம்பந்திக்குத் தெரியாம ஆள் வச்சு முடிச்சிடறேன். வீடு காட்ட உன்கிட்ட குடுத்த சாவிய அவங்களுக்குக் குடு. நீ மூச்சு விடக் கூடாது."

"ஆகட்டும்ண்ணே."

வீடு திரும்புமுன் மருந்துக்கடைக்காரரின் போன். "அவருக்கு எதுக்கும்மா சிரமம்? சத்தமில்லாம நானே ஆள் விட்டுடறேன். சாவியக் குடு. அவர் காதுக்குப் போகக் கூடாது."

"ஆகட்டும்ண்ணே."

"யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லித் தொலையேன்" என்றார் அவள் கணவர்.

"வாக்குக் குடுத்துட்டேனே. ரெண்டு பேர்ல ஒருத்தராவது மறந்துடுவாங்க."

யாரும் மறக்கவில்லை. முதல் தச்சர் கதவின் அடியை இழைத்தார். அடுத்து வந்த தச்சர் அடி நன்றாக இருப்பதைப் பார்த்தார். வேலை சொன்னவர் சும்மாவா சொல்லியிருப்பார் என்று மேல்பக்கத்தை இழைத்தார். முதல் கொத்தனார் மூலையை உயர்த்தினார். இரண்டாமவர், கொண்டுவந்த சிமெண்டை வீணாக்குவானேன் என்று எதிர்ப்பக்கத்தை உயர்த்தினார்.

கடைசியாக ஒருமுறை வீட்டைப் பார்க்க எல்லோரும் வந்தார்கள். சம்பந்திகள் இருவர் முகத்திலும் ரகசியச் சிரிப்பு. கதவைச் சாத்தினார்கள். மேலே வெளிச்சம் வந்தது. கீழே பூனை வந்தது.

"அருமையா இருக்கு சம்பந்தி" என்று மென்று விழுங்கினார் மருந்துக்கடைக்காரர்.

"எல்லாம் உங்க நல்ல மனசு" என்றார் மற்றவர், தன் தச்சரை மனசுக்குள் திட்டிக்கொண்டே.

பேச்சை மாற்ற மருந்துக்கடைக்காரர் குளியலறைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் நேராகப் படுக்கையறைக்குள் நடந்து வந்து சம்பந்தியின் செருப்பை நனைத்தது.

அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "ரெண்டு பேரும் ஆள் விட்டீங்க. ரெண்டு பேருக்கும் நான்தான் சாவி குடுத்தேன்."

"வேணாம்னு சொல்லிட்டு உங்களை யாரு கை வைக்கச் சொன்னா?" என்று சீறினார் விற்பவர்.

"விக்கிற வீட்டைப் பாத்துக்கத் துப்பில்லை, என்னைக் கேக்கறீங்களா? புதுக் கதவு போட்டுக் குடுங்க!"

"அப்போ தரையை நீங்க பாத்துக்கோங்க!"

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இது அவளுக்குத் தெரிந்த பாஷை. சட்டென்று நடுவே புகுந்து, கதவு இவர் பொறுப்பு, தரை அவர் பொறுப்பு என்று அங்கேயே முடித்துவிட்டாள். இருவரும் கத்திக்கொண்டே ஒரே காரில் ஏறிப் போனார்கள். பூனையைத்தான் வெளியேற்ற முடியவில்லை.

புதுக் கதவு வந்தது, தரை வாட்டம் சரியானது, பத்திரமும் பதிவானது. சம்பந்திகள் இப்போதெல்லாம் மனம்விட்டுச் சண்டை போடுகிறார்கள். நிம்மதியாக இருந்த குடும்பத்தைக் கெடுத்துவிட்டாள் என்று மருந்துக்கடைக்காரரின் மகனும் மருமகளும் அக்காவோடு பேசுவதில்லை.