வெற்றிலையில் காட்டிய கிராஃபைட்

எங்கள் பக்கத்தில் கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆடி கழிந்ததும் மாப்பிள்ளையின் தங்கையோ அக்காவோ பூ, பழம், வெற்றிலைத் தட்டோடு போய் அழைத்து வர வேண்டும். அபிஷேகப்பாக்கத்திலிருந்து செல்லிப்பட்டுக்கு அப்படி என் அண்ணியை அழைக்கப் போய், தனியாகத் திரும்பி வந்தவள் நான். வீட்டில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. யாராவது திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேனோ என்னவோ.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை போனவள் நான் ஒருத்திதான். அண்ணன் மூன்றாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போய்விட்டான். நான் சென்னையில் விடுதியில் தங்கி இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் கல்லூரி அறிவியல் மன்றத்தில் பேச என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அயனிகளால் தாக்கும்போது கிராஃபைட்டில் என்ன குறைகள் உண்டாகின்றன என்பது தலைப்பு. காகிதத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் பேசி முடித்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தச் சத்தத்தை நான் ஊருக்கும் எடுத்துக்கொண்டு வந்தேன், அதுதான் வினை.

பென்சில் குச்சியில் களிமண்ணோடு கலந்திருக்கும் கரிதான் கிராஃபைட். அதற்குள் கரி அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்துத் தாள்போலப் படர்ந்திருக்கும். அப்படிப்பட்ட தாள்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். ஒரே தாளில் உள்ள அணுக்களுக்குள் பிடி இறுக்கம். தாளுக்கும் தாளுக்கும் நடுவே பிடி தளர்வு. அதனால்தான் எழுதும்போது வழுக்கிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது.

மின்னூட்டம் கொண்ட அணுவைத்தான் அயனி என்கிறோம். அதை இயந்திரத்தால் வேகமேற்றிக் கிராஃபைட்டுக்குள் செலுத்தலாம். வேகமாகப் போகும்வரை அது எலக்ட்ரான்களை உலுக்கிவிட்டுப் போகிறது, அணுக்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வேகம் தளர்ந்து நிற்கப் போகிற இடத்தில்தான் சேதம் அதிகம். அங்கே அது ஓர் அணுவை இடித்துத் தள்ளுகிறது, தள்ளப்பட்டது அடுத்ததை இடிக்கிறது. அணு இருந்த இடம் காலியாகிறது. கிளம்பிய அணு இரண்டு தாள்களுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொள்கிறது. தாள்கள் விலகுகின்றன, அந்த இடம் உப்புகிறது. சூடாக்கினால் சில அணுக்கள் பழைய இடத்துக்குத் திரும்பும். எல்லாம் திரும்புவதில்லை.

பிரான்ஸ் எங்கள் ஊர்களைச் சட்டப்படியும் விட்டுக்கொடுத்த 1962 ஆகஸ்ட் மாதம் அது. விடுமுறைக்கு வந்திருந்தேன். அம்மாவுக்குக் காலில் கட்டி, நடக்க முடியவில்லை. "நீயே தனியா போய்க் கூட்டிகினு வந்துடுடி. படிச்ச நாத்தனாரு வந்தா அவங்களுக்கும் பெருமதான்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வில்லியனூரில் பஸ் மாறிப் போனேன். மடியில் தட்டு, அதில் கொடியிலிருந்து அன்று கிள்ளிய வெற்றிலை.

அண்ணியின் அப்பா, எனக்கு மாமா முறை, வயலுக்குப் போயிருந்தார். அவர் வந்த பிறகுதான் தட்டைக் கொடுக்க வேண்டும். அண்ணியின் அம்மா, என் அத்தை, அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான் அவளுக்கும்.

"இன்னா நாத்தனாரே, மெட்ராசுல மேட ஏறிப் பேசினியாமே. உங்க அண்ணன் ஊர்பூரா சொல்லிகினு திரியறாராம். இன்னாத்தப் பத்திப் பேசின?"

"கரியப் பத்தி."

"கரியா! அதுக்கா மெட்ராசு வரைக்கும் போன? எங்க அடுப்பாண்ட வந்திருந்தா கூட கூடயா குடுத்திருப்பனே."

அவள் சிரித்த சிரிப்பில் கேலி மட்டும்தான் இருந்தது, குத்தல் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. புரிய வைத்தே தீர வேண்டும் என்று தட்டிலிருந்து நாலைந்து வெற்றிலைகளை எடுத்தேன். இது ஒரு தாள், இது அடுத்த தாள் என்று அடுக்கினேன். கொண்டை ஊசியைக் கழற்றி மேல் இலையில் வட்டமாகக் குத்திக் கிழித்தேன். "பாருங்க அண்ணி, அணு போன எடம் இது. ஓட்டை." ஒரு பாக்குத் துண்டை இரண்டு இலைக்கு நடுவே செருகினேன். "போன அணு இங்க மாட்டிக்கிச்சு. இப்ப அடுக்கு எப்படி உப்புது பாருங்க."

அண்ணி அடுக்கை வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்தாள். "ஆமாண்டி! ஒக்காரவே மாட்டேங்குது." அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "இன்னொண்ணுல குத்து, பாப்பம்" என்றாள். குத்தினேன். கைதட்டினாள். மன்றத்தில் கேட்ட கைதட்டலைவிட அது எனக்கு இனித்தது.

வாசலில் மாமா கால் கழுவும் சத்தம் கேட்டது. அவசரமாக வெற்றிலைகளைத் தட்டில் சேர்த்தேன். ஓட்டை விழுந்தவற்றைக் கீழே தள்ளி, நல்லதை மேலே வைத்து, பூவால் மூடினேன். தெரியாமல் செய்துவிட்டாள் என்று பிறகு எல்லாரும் எனக்காகச் சொன்னார்கள். தெரியாதவள் எதற்குக் கீழே தள்ளுவாள்?

அத்தை தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமாவுக்கு மடித்துக் கொடுக்க வெற்றிலையைப் புரட்டியவர் அப்படியே நின்றார்.

"இன்னாம்மா இது?"

"எலி கிலி கடிச்சிருக்கும், வுடு" என்றார் மாமா.

"எலி இப்பிடி ரவுண்டா கடிக்குமா?" அத்தையின் பார்வை பாயில் கிடந்த கொண்டை ஊசிக்குப் போனது. "பொண்ணு கூப்புட வந்த வெத்தலையக் குத்தி வெளயாடினியா? ஓட்ட வெத்தலைக்குப் பொண்ண அனுப்பிச்சிட்டு, நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை என்று அப்போதே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்றேன் நான். மேடையில் பேசிய அதே குரலில்.

மாமாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "சரிம்மா. சாப்டுட்டுக் கெளம்பு. பொண்ணு அப்பறம் வரும்" என்றார். அண்ணி உள்ளே போனவள் வெளியே வரவில்லை. கட்டி வைத்திருந்த அவளுடைய டிரங்குப் பெட்டி மூலையிலேயே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில், என் விளக்கத்தில் ஒரு பிழையும் இல்லையே என்று எனக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். சென்னையில் ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தபோது நான் யாரையும் இடித்ததில்லை. ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததற்கே இப்படியாகிவிட்டது.

அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தான். மாடுகளைக் குளிப்பாட்டியிருந்தான். வைக்கோல் பரப்பி அதன் மேல் கல்யாணத்துக்கு வாங்கிய ஜமுக்காளம் விரித்திருந்தான். நான் இறங்கிய பிறகும் பஸ்ஸின் படியையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் நகர்ந்தது.

"உங்க அண்ணி எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன், அடியில் தள்ளி வைத்ததைத் தவிர. அவன் ஜமுக்காளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தான். அதில் புழுதி படக்கூடாது போலிருக்கிறது. கொஞ்ச தூரம் போன பிறகு, "வுடு. நீ மெட்ராசுல நல்லாப் பேசினியாமே" என்றான்.

மறுநாள் அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு புதுத் தட்டோடு கிளம்பினார். "நீ வாணாம், படி" என்றார். கேட்காமல் கூடப் போனேன். வழியில் அவர் என்னோடு நெல்லைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார்.

செல்லிப்பட்டில் அவர் உட்காரவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில்கூட யார் முன்னாலும் குனியாத மனுஷன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"சம்பந்தி, காலேஜுக்கு அனுப்பிச்சேன். வெத்தலைக்கு இன்னா மரியாதன்னு சொல்லிக் குடுக்கல. தப்பு என்னுது."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணி என் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினாள்.

"மாமா, நாத்தனாரு மேல தப்பில்ல. நாந்தான் கேட்டேன். இன்னொண்ணு குத்துன்னு சொன்னதும் நாந்தான்."

"உள்ள போடி, வாயாடி" என்றார் அத்தை. ஆனால் வெற்றிலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார்.

மாமா எழுந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். "ஒக்காருங்க சம்பந்தி. பிரான்சுக்காரனே ஊரக் குடுத்துட்டுப் போயிட்டான். நான் பொண்ணக் குடுக்க மாட்டனா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். உட்கார்ந்த பிறகும் அவர் கைகள் கூப்பியபடியே மடியில் கிடந்தன. நான் சொல்ல வேண்டியதை அப்பாவும் அண்ணியும் சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு வடை வைத்தார்கள், தின்றேன்.

மாலையில் பஸ் பிடிக்க நடந்தோம். டிரங்குப் பெட்டியை அப்பா தோளில் தூக்கிக்கொண்டார். மணல் பாதையில் அவர் கால் புதைந்து புதைந்து போயிற்று. ஓடிப்போய்ப் பெட்டியின் பிடியைப் பிடித்தேன்.

"குடுங்கப்பா, நான் தூக்கறேன்."

"வாணாம்மா. எழுதற கை, காப்புக் காச்சிப்போவும்."

பிடியை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அண்ணி தலை நிறையப் பூவோடு அவர் பின்னால் போனாள். வெறுங்கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் கடைசியாக நடந்தேன்.