டிராயரோடு போன என் போன்

டிஸ்பிளே மாற்றக் கொடுத்திருந்த போனை வாங்க இன்று தென்காசிக்குப் போனேன். காலையிலிருந்தே சாரல்.

சர்வீஸ் கடை அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது.

"நேத்து போலீஸ் வந்தாவம்மா. திருட்டு போன் ஒண்ணத் தேடித்தான் வந்தாவ. ஆனா சர்வீஸுக்கு வந்த எல்லாத்தையும் டிராயரோட தூக்கிட்டுப் போயிட்டாவ. உங்க போனும் அதுலதான் கெடக்கு."

"எடுத்ததுக்கு லிஸ்ட் ஏதும் கொடுத்தாங்களா?"

"கேக்கதுக்கு எனக்கு வாய் வரல."

மேஜையில் இன்றைய பேப்பர் விரிந்து கிடந்தது. சோதனைக்கு வரும் போலீஸ் வழக்குக்குத் தொடர்பில்லாத பொருளை எடுக்கக் கூடாது, எடுத்ததற்குப் பட்டியல் தர வேண்டும், உரியவர் சம்மதமில்லாமல் போனைத் திறக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

"திறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே அண்ணாச்சி" என்றேன், கொஞ்சம் தெம்பு வந்து.

"அதத்தான் நானும் காலைலருந்து வாசிச்சுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு போன் முதுகுலயும் லாக்கத் திறக்குத பேட்டர்ன வரஞ்சு ஒட்டியில்லா வச்சிருக்கோம்."

என்னுடையதை வரைந்தது நான்தான். புரியாமல் போய்விடுமோ என்று அம்புக்குறி வேறு போட்டிருந்தேன். போனுக்குள்ளே, ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கும் தங்கையின் படங்கள் இருக்கின்றன. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அதற்குள் ஒரு பெண் ஸ்பீக்கர் கெட்ட போனை நீட்டினாள். அண்ணாச்சி பழக்கத்தில் துண்டுத்தாளையும் பேனாவையும் நகர்த்தினார். அவள் ஒன்பது புள்ளி வைத்துக் கோடு இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

தீர்ப்பில் குறையே இல்லை. நீங்கள் சர்வீஸுக்குக் கொடுத்த போனின் முதுகில் என்ன ஒட்டியிருக்கிறது?