குளிர் அறைக்குள்ளிருந்து வந்த மணி

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பத்தாவது பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். கேலி எனக்குப் பழக்கம்தான். ஆனால் இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. கற்பனையாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அக்கா புரோகிராம் எழுதுகிறவள். மீன் வைக்கும் குளிர்கிடங்கில் தற்காலிக வேலை. உறைகுளிர் அறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் மணியை அழுத்த வேண்டும். வெளியே சிவப்பு விளக்கு எரியும், பூட்டு தானாகத் திறக்கும். அதைச் செய்கிற பழைய விண்டோஸ் புரோகிராமை லினக்ஸுக்கு மாற்றுவது அவள் பொறுப்பு. அன்று சாயங்காலத்துக்குள் சரியாக ஓடினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

மதியம் வரை ஓடவில்லை. அக்கா உள்ளே போய் மணியை அழுத்துவாள். சில தடவை விளக்கு எரிந்தது, சில தடவை எரியவில்லை. எரியாதபோது நான் கைப்பிடியை இழுத்து அவளை வெளியே விட்டேன். அதற்குத்தான் என்னைக் கூட்டி வந்திருந்தாள்.

“என்னாச்சுக்கா?”

“புரோகிராமுக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்கன்னு வச்சுக்கோ. த்ரெட்னு சொல்வோம். ஒருத்தன் மணியைக் கவனிக்கிறான், இன்னொருத்தன் பூட்டைத் திறக்கிறான். மணிக்காரன் கூப்பிடுறப்போ பூட்டுக்காரன் வேற வேலையா இருந்தா, பழசுல அந்தக் கூப்பாடு இவன் வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கும். புதுசுல காத்தோட போயிடும்.”

“அப்போ?”

“கூப்பிட்டாச்சுன்னு ஒரு குறி வச்சிட்டுக் கூப்பிடணும். பூட்டுக்காரன் தூங்கப் போறதுக்கு முன்னாடி அதைப் பார்க்கணும். அதைத்தான் கோட்டை விட்டுட்டேன்.” நாலு வரி தட்டினாள். “இனிமே எப்போ கூப்பிட்டிருந்தாலும் கேக்கும்.”

அதன்பிறகு ஒரு தடவைகூடத் தப்பவில்லை. சூப்பர்வைசரைக் கூட்டி வர மாடிக்குக் கிளம்பினாள்.

“அவர் முன்னாடி எதையும் உளறி வைக்காதே, ஊமைக்கோட்டான். பத்தாவதைத் தாண்டாத புள்ளைய வச்சா டெஸ்ட் பண்றீங்கன்னு நேத்தே கேட்டார்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குக் காது சுட்டது.

மணி 6:10. நான் மட்டும்.

விளக்கு எரிந்தது.

டக்... பூட்டு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. நான்தான் எதையோ தொட்டுத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவமானமாக இருந்தது. கதவைச் சாத்தினேன். பூட்டு விழுந்தது.

6:12. மறுபடி. டக்...

கதவு ஒரு விரற்கடை வெளியே வந்தது. வெள்ளையாகக் குளிர் கசிந்தது. அதற்குப் பின்னால்... யாரோ மூச்சு வாங்கினார்கள்.

மாடியில் அக்காவின் குரல் கேட்டது. கத்தியிருக்கலாம். கத்திவிட்டு என்ன சொல்வேன்? டெஸ்ட் போகும். அவள் வேலை போகும். எல்லோரும் என்னையே பார்ப்பார்கள்.

கதவை அழுத்தினேன். இந்த முறை பூட்டு விழவில்லை. திரும்பி நின்று முதுகால் அழுத்தினேன்.

உள்ளிருந்து தள்ளியது.

வேகமாக இல்லை. களைத்துப்போன ஆள் தள்ளுவதைப் போல...

இன்னொரு தரம்.

கதவின் இரும்பு சில்லென்று இருந்தது. என் தோளுக்கு நேரே மட்டும்... வெதுவெதுப்பு.

அது மெல்ல இறங்கியது.

இடுப்பளவு...

முழங்கால்...

நின்றுவிட்டது.

“ஏன்டி அங்க சாஞ்சு நிக்கிறே?”

“சும்மாதான்க்கா.”

சூப்பர்வைசர் பார்க்க, அக்கா உள்ளே போனாள். நான் தடுக்கவில்லை. மணி அடித்தது, கதவு திறந்தது, அவள் வந்தாள். வேலை நிரந்தரமானது.

ஒரு மாதம் கழித்து, நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சூப்பர்வைசர் அவளிடம் சொன்னார்.

“ஏன் இந்த புரோகிராமை மாத்தச் சொன்னாங்க தெரியுமாம்மா? நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு லோடுமேன் உள்ள மாட்டிச் செத்துப் போனான். சாயங்காலம் ஆறு மணி வாக்குல.”

“மணி அடிக்கலையா சார்?”

“அடிச்சிருக்கான். பூட்டும் திறந்துதான் இருந்துச்சு. கதவடியில சரிஞ்சு கிடந்தான். ரெண்டு தோளும் கன்னிப் போயிருந்துச்சு. எதைப் போட்டு அப்படித் தள்ளினான்னுதான் இன்னைக்கு வரைக்கும் புரியல.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்தைப் பார்த்ததுகூடக் கிடையாது.