கூப்பிட்டும் உள்ளே போகாத டாக்டர்

1991இல் பென்னலூரில் குடியிருந்தோம். ஆறு வயது மகனுக்குக் குடல்வால் வீங்கி, தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கணவர் ஷிஃப்டில் இருந்தார். பெரிய டாக்டர் நரைத்த புருவமும் குள்ள உருவமுமாக இருந்தார். "நீங்களே பண்ணுங்க சார்" என்று கெஞ்சினேன். "சின்ன டாக்டர் பண்ணுவார். நான் இருப்பேன்மா" என்றார்.

ஆனால் பாதி ஆபரேஷனில் பெரிய டாக்டர் தியேட்டரிலிருந்து கை கழுவும் அறைக்கு வந்து நின்றுகொண்டார். உறை போட்ட கைகளை மார்புக்கு நேராகத் தூக்கியபடி, எதையும் தொடாமல் நின்றார். வராந்தாவில் இருந்த நான், திறந்திருந்த கதவு வழியாக அதைப் பார்த்து வாசற்படிக்கு ஓடினேன்.

"சார், என் புள்ள உள்ள இருக்கான்!"

"தெரியும்மா. நான் பக்கத்துல நின்னா அவர் என் மூஞ்சியத்தான் பாப்பார். உங்க புள்ள வயித்தப் பாக்க மாட்டார்."

அருகிலிருந்த ஆயா, "அவரே தெகிரியமா நிக்கிறாரு, நீ இன்னாத்துக்கும்மா அழுவுற?" என்று அதட்டினாள்.

உள்ளேயிருந்து சின்ன டாக்டரின் நடுங்கும் குரல் வந்தது. "சார், குடல்வால் பின்னாடி ஒட்டிக்கிட்டிருக்கு. கொஞ்சம் வரீங்களா?"

"வரேன். அதுக்குள்ள நீ என்ன பண்ணுவ, சொல்லு."

"மெதுவா பிரிச்சு, ரத்தக்குழாய முதல்ல கட்டுவேன் சார்."

"கட்டு."

அவர் நகரவில்லை. "கூப்பிடறாரே, போங்க சார்!" என்று கத்தினேன்.

"கேட்டவரே பதிலும் சொல்லிட்டார்மா" என்றார், தியேட்டர் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகன் பிழைத்தான். அந்த டாக்டர் செய்தது சரிதான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால், அவர் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.